பழந்தெருவும் புதுமனையும்

காலிக் கோட்டைத் தெருக்களில் நடந்தபொழுது என் நெஞ்சம் வெலிமடைக்கே திரும்பிற்று. 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற அந்நகருக்குத் தாழ்ந்த ஓட்டுக்கூரைகளும் தெருவை நோக்கிய விறாந்தைகளுமே அழகு. அங்கே எழும் புதுமனை அவற்றினும் ஓங்கி நின்றால் தெரு தன் முகத்தை இழந்துவிடும்.

நம் தோட்டங்களின் பழமையோ லயம். அதனை அப்படியே பேணுவது அறமாகாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததை எவ்வாறு மறப்போம்? இருண்ட காம்பராக்கள் ஒழியத்தான் வேண்டும். உறுதியான நிலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழத்தான் வேண்டும். ஆயினும், லயத்து இஸ்தோப்பில் ஒரு வீட்டுத் துயரைப் பத்து வீடுகள் பகிர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். மலைச்சரிவுக்கு அடங்கிய உயரமும், அயலாரை நோக்கிய திண்ணையும் புதுமனைக்கு இலக்கணமாகட்டும்.