'ரிங்கிட் ஏறும்' என்கிறார் பேராசிரியர்: நம்பலாமா?

பொந்தியானில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூரில் மாதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு இன்னொரு வேலை கிடைக்கிறது. எதை எடுப்பது?

ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3.55 ரிங்கிட் என்றால் அந்தச் சம்பளம் 7,100 ரிங்கிட். அதுவே 3.20 என்றால் 6,400 ரிங்கிட்தான். அதே வேலை, அதே பாலம், அதே நெரிசல்; ஆனா கையில மாசம் 700 ரிங்கிட் குறைவு. ஒரு சின்னக் காரின் மாதத் தவணையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

2024-இல் இப்படித்தான் நடந்தது. பிப்ரவரியில் 3.5-ஐத் தாண்டியிருந்த சிங்கப்பூர் வெள்ளி, செப்டம்பர் இறுதியில் 3.2 அளவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் "ரிங்கிட் ஏறும்: பொருளியல் பேராசிரியர்" என்ற தலைப்பை ஃபோனில் பார்த்ததும் நாம கை நிறுத்திப் படிக்கிறோம். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

2024-இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி ஒரு அமெரிக்க டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. 1998 ஜனவரிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு கீழே போனதில்லை. ஏழே மாதத்தில், செப்டம்பர் இறுதியில், அது 4.12 அளவுக்கு மீண்டது. ஆண்டு முடியும்போது மறுபடி இறங்கி 4.47 பக்கம் நின்றது.

இதற்கு முக்கியக் காரணம் வட்டி. அப்போது அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் 5.25 முதல் 5.50 விழுக்காடு. நம்ம பேங்க் நெகாராவின் ஓபிஆர் எனும் அடிப்படை வட்டி 3.00 விழுக்காடு. அதிக வட்டி கிடைக்கும் இடத்துக்குத்தான் பெரிய முதலீட்டாளர்களின் பணம் போகும். அதனால் டாலருக்குக் கிராக்கி, ரிங்கிட்டுக்கு இறக்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2023 மே முதல் 2025 ஜூலை வரை பேங்க் நெகாரா அந்த 3 விழுக்காட்டை மாற்றவே இல்லை. வட்டி இறங்கும் என்ற எதிர்பார்ப்பு அமெரிக்காவில் வலுத்தது. 2024 செப்டம்பர் 18-இல் அங்கே அரை விழுக்காடு குறைத்தார்கள். இடைவெளி குறைந்தது, ரிங்கிட் ஏறியது. வட்டியைப் பொறுத்தவரை முடிவு எடுக்கப்பட்டது வாஷிங்டனில், சம்பளக் கணக்கு மாறியது பொந்தியானில்.

பேட்டி எப்படிச் செய்தியாகிறது?

செய்தித் தயாரிப்பில் இருப்பவள் என்ற முறையில் இதை வெளிப்படையாகச் சொல்லலாம். ஒரு பேராசிரியரை அழைத்தால் அவர் இருபது நிமிடம் பேசுவார். ஒளிபரப்பில் இருபது வினாடிதான் இடம். தலைப்பிலோ நான்கே சொற்கள்.

அவர் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "அமெரிக்கா வட்டியைக் குறைத்தால், சீனப் பொருளாதாரம் மேலும் தளராமல் இருந்தால், ரிங்கிட் ஏற வாய்ப்பு உண்டு." நாங்கள் வெட்டிச் சுருக்கியபின் மிஞ்சுவது: "ரிங்கிட் ஏறும்."

இதில் தொலைந்தது 'குறைத்தால்', 'இருந்தால்' என்ற இரண்டு சொற்கள். தமிழில் நிபந்தனை ஒரு சின்ன விகுதிக்குள் அடங்கிவிடுகிறது. வெட்டும்போது சத்தமில்லாமல் போய்விடுகிறது. பேராசிரியர் சொன்னதில் உண்மையிலேயே பயனுள்ள பகுதி அந்த 'ஆல்'தான். ரிங்கிட் ஏறுமா என்று உறுதியாகச் சொல்ல அவராலும் முடியாது. எது நடந்தால் ஏறும் என்று சொல்ல அவரால் முடியும். அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த மாதம் எந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பேராசிரியர்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

மலேசியாவே இதற்குப் பெரிய உதாரணம். ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998 செப்டம்பர் 2-இல், அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தியது. பணம் வெளியே போவதற்கும் கட்டுப்பாடு விதித்தது. ஐஎம்எஃப் எனும் அனைத்துலகப் பண நிதியம் அப்போது நம்பிய வழிக்கு இது நேர் எதிர். பொருளியல் நிபுணர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். அதே வாரங்களில், அப்போது எம்ஐடியில் பேராசிரியராக இருந்த பால் க்ருக்மன், தற்காலிகக் கட்டுப்பாடு தேவைப்படலாம் என்று எழுதினார். டாக்டர் மகாதீருக்குத் திறந்த கடிதமும் எழுதினார். 2008-இல் நோபெல் பரிசு பெற்றவர் இவர்தான்.

3.80 என்ற விகிதம் 2005 ஜூலை 21 வரை நீடித்தது. 2012-இல் ஐஎம்எஃப்பே சில சூழல்களில் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு இடம் உண்டு என்று தன் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. மலேசியா எடுத்த முடிவு எவ்வளவு உதவியது என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஏன்? ஒரே நாட்டை இரண்டு முறை அதே நெருக்கடிக்குள் அனுப்பிப் பார்க்க முடியாது. கட்டுப்பாடு இல்லாத 1998 எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஊகம் மாறினால் முடிவும் மாறும். ஆகவே இருவர் முரண்படுவதாலேயே ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

ஏறுவது நல்லதா, கெட்டதா?

நிபுணர் "நாட்டுக்கு நல்லது" என்பார். உங்களுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. ரிங்கிட் இறங்கினால் சிங்கப்பூரில் சம்பாதிப்பவருக்கு லாபம். குக்குப்பில் கடல் உணவுக் கடை வைத்திருப்பவருக்கும் லாபம், ஏன்னா சிங்கப்பூர் வாடிக்கையாளரின் காசு அதிகம் வாங்கும். செம்பனைச் சிறுதோட்டக்காரருக்கு ரிங்கிட்டில் விலை கூடலாம், ஆனால் இறக்குமதி உரமும் விலை ஏறும். உள்ளூரில் சம்பாதித்து, இந்திய வெங்காயமும் பிள்ளைக்குப் பால்மாவும் வாங்கும் குடும்பத்துக்கோ நட்டம்தான். பெரும்பாலும் இவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில்கூட இருப்பார்கள்.

அப்ப பேராசிரியர் எதுக்கு?

ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பேராசிரியர் உங்கு அசிஸை நினைத்துப் பாருங்கள். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். கிராமப்புற வறுமையை அளக்க அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை சரோங்? ஹஜ் யாத்திரைக்காக மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்பதைப் பார்த்து, 1959-இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்மொழிந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தாபோங் ஹாஜி. அவர் நினைவில் நிற்பது முன்கணிப்புக்காக இல்லை. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததற்காக.

அடுத்த முறை படிக்கும்போது

• எந்த வாக்கியம் நடந்தது, எது விளக்கம், எது கணிப்பு என்று பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டையும் சரிபார்க்கலாம். மூன்றாவதைக் காத்திருந்துதான் பார்க்க முடியும்.

• 'ஆல்' எங்கே என்று தேடுங்கள். தலைப்பில் இருக்காது, மூன்றாவது, நான்காவது பத்தியில் இருக்கும்.

• பேசுபவர் பல்கலைக்கழகமா, வங்கியா, அரசாங்கமா, முதலீட்டு நிறுவனமா என்று பாருங்கள். எங்கிருந்து பேசினாலும் தவறில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

• எந்தக் காலக்கெடுவுக்குச் சொல்கிறார்? "ஏறும்" என்பது அடுத்த வாரமா, அடுத்த ஆண்டா? 2024-இல் செப்டம்பரிலும் டிசம்பரிலும் பதில் வேறு வேறு.

இப்போது அந்த வேலைக்கு வருவோம். சம்பளத்தை ஒரே விகிதத்தில் கணக்குப் போடாதீர்கள். 3.55-க்கு ஒரு தரம், 3.20-க்கு ஒரு தரம் போடுங்கள். பயணச் செலவையும், பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கே சுமார் 60 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த கணக்கிலும் கட்டுப்படியாகிறதா? அப்படியென்றால் ரிங்கிட் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் முடிவு நிற்கும். 3.55-இல் மட்டும்தான் சரிவரும் என்றால், கார் தவணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு தடவை யோசிங்க.