கண்ணாடியிழைத் தொட்டிக்கு எதிரி எது?

துருப்பிடிக்காது, எடை குறைவு, வேண்டிய வடிவில் வார்க்கலாம். இக்காரணங்களால் 1960களிலும் 1970களிலும் படகுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் கண்ணாடியிழையால் பெட்ரோல் தொட்டிகள் செய்தார்கள். நார்ட்டன் கமாண்டோவின் தொடக்க கால வண்டிகளிலும் இத்தகைய தொட்டி உண்டு.

இழைகளைப் பிணைத்து வலுத் தருவது பிசின். பழைய பாலியெஸ்டர் பிசின் பெட்ரோலைத் தாங்கியது. எத்தனால் என்னும் சாராயத்தைத் தாங்கவில்லை. அமெரிக்காவின் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் 2004இல் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. அதன்பின் பழைய படகுகள் சிலவற்றில் தொட்டியின் உட்புறம் இளகியது; கரைந்த பிசின் எஞ்சின் வால்வுகளில் கறுப்புப் பசையாகப் படிந்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலிலேயே 10 விழுக்காடுவரை எத்தனால் கலக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? கிடைக்குமிடத்தில் எத்தனால் இல்லாத பெட்ரோலையே வாங்குவோம். வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் தொட்டியைக் காலி செய்வோம். உட்புறம் கெட்டியாக இருந்தால், எத்தனாலைத் தாங்கும் எப்பாக்சிப் பூச்சு கொடுக்கலாம். முதலில் கசடு நீங்கி, தொட்டி நன்கு உலர வேண்டும். எண்ணெய் படிந்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டுமா? உட்புறம் மெத்தென்றோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் பூச்சு வீண்; தொட்டியை மாற்றுவதே வழி.

காலித் தொட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். பெட்ரோல் போனாலும் அதன் ஆவி உள்ளே நிற்கும். ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கிவிடும். ஆகவே, கசிவு கண்ட அன்றே ஓட்டத்தை நிறுத்துவோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றால், இறங்கித் தள்ள முடியாதல்லவா?