குருதி உறைதல்: நண்பனா, பகைவனா?

மாணவர்களே, விரலில் கத்தி பட்டால் சற்று நேரத்தில் குருதி நின்றுவிடுகிறது. குருதிச் சிறுதட்டுகள் காயத்தில் ஒட்டிக்கொள்ள, பைபிரினோஜன் பைபிரின் நார்களாக மாறி வலைபோல் அடைக்கிறது. இது உயிர்காக்கும் செயல். காயமின்றிக் குருதிக்கலனுக்குள் இவ்வாறு நிகழ்வதே திரொம்போசிசு.

செங்கலடியிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் பல மணி நேரம் அசையாதிருந்தால் கால் நாளங்களில் குருதியோட்டம் மந்தமாகும், கட்டி உண்டாகலாம். அது பெயர்ந்து நுரையீரல் நாடியை அடைத்தால் மூச்சுத்திணறும். முடியுருநாடி அடைபட்டால் மாரடைப்பு. மூளை நாடி அடைபட்டால் பக்கவாதம்.

தடுக்கும் வழிகள்:
1. இடையிடையே எழுந்து நடத்தல், கால்களை அசைத்தல்
2. போதிய நீர் அருந்தல்
3. புகைத்தலைத் தவிர்த்தல்
4. குருதியமுக்கம், நீரிழிவு என்பவற்றைக் கட்டுப்படுத்தல்

சிகிச்சை: 1916இல் கண்டறியப்பட்ட ஹெப்பரினும், வார்பரினும் கட்டி வளர்வதைத் தடுக்கும், கரைக்கமாட்டா. கரைப்பது ஸ்ரெப்ரோகைனேசு போன்ற மருந்து. இவ்வேறுபாட்டைப் பரீட்சையில் தெளிவாக எழுதுக.

தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை இறக்கிறது. எனவே வீட்டில் எவருக்கேனும் நெஞ்சு இறுகி வியர்த்தால், "வாயு" என்று கசாயம் கொடுத்துக் காத்திராமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். புள்ளியைவிடப் பெரியது அது.