கரிசலாங்கண்ணியை அடையாளம் காண்பது எப்படி?

மழை பெய்து ஓய்ந்ததும் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் சிறு செடி கரிசலாங்கண்ணி. கையாந்தகரை, கரிப்பான் என்றும் சொல்வார்கள். கீரையாகச் சமைக்கவும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் நம் வீடுகளில் இதைத் தேடிப் பறிப்பதுண்டு. ஆனால் வெள்ளைப் பூ பூத்த செடியெல்லாம் கரிசலாங்கண்ணி அல்ல. அவசரத்தில் பறித்தால் வேறு செடியும் வீட்டுக்கு வந்துவிடும்.

இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல நுண்ணிய பூக்கள் சேர்ந்த கொத்து. சட்டைப் பொத்தான் அளவே இருக்கும். நடுப்பகுதியும் வெண்மைதான், சுற்றிலும் நூல் போன்ற மெல்லிய வெள்ளை இதழ்கள் நெருக்கமாக இருக்கும்.

இலைகள் எதிரெதிராக, ஈட்டி போல் நீண்டு, காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருக்கும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். தண்டு பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் இலையையும் தண்டையும் கசக்கிச் சற்று நேரம் வையுங்கள். சாறு கருக்கத் தொடங்கும். ‘கரி’ என்ற பெயருக்கு இந்தக் கருமையே பொருத்தம்.

இதோடு குழம்பக்கூடிய செடிகள் இரண்டு.

ஒன்று, வெட்டுக்காயப் பூண்டு. இதன் பூவின் நடுப்பகுதி மஞ்சள். சுற்றிலும் ஐந்தாறு அகன்ற இதழ்களே இருக்கும். பூக்காம்பு ஒரு சாணுக்கு நீண்டு நிற்கும். விதைகள் பஞ்சு போல் காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணி விதை பறப்பதில்லை.

மற்றொன்று, பார்த்தீனியம். இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இலைகள் கேரட் இலை போல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். பூக்கள் மிகச் சிறியதாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். மகரந்தத்தால் மூச்சுத் திணறலும் ஏற்படலாம். குழந்தைகளைப் பறிக்க அனுப்பும் முன் இந்தச் செடியைக் காட்டிக் கொடுங்கள்.

சரியான செடியே ஆனாலும், சாக்கடை ஓரத்திலும் மருந்து தெளித்த வயலிலும் பறிக்காதீர்கள். மஞ்சள் காமாலை போன்ற நோய் என்றால் கீரையை மட்டும் நம்பி இருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பூ, இலை, சாறு மூன்றும் ஒத்து வந்தால் மட்டுமே பறியுங்கள். ஒன்றில் ஐயம் இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.