வந்தது யார் கண்டது?

சாமி வருவதற்கு முன்னால் கொட்டாவி வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் மாசிக்களரி என்கிற குலதெய்வத் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். காப்புக் கட்டி விரதம் இருக்கிற சாமியாடி ஓரமாக உட்கார்ந்திருப்பார். வாய் பிளந்து ஒரு கொட்டாவி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கால் பெருவிரல் மண்ணைக் கீறத் தொடங்கும். "வந்துருச்சு" என்று யாராவது சொன்னதும் பொம்பளைகள் குலவை போடுவார்கள்.

அன்றெல்லாம் அதற்குப் பாதி ராத்திரி ஆகும். கோடாங்கி உடுக்கை எடுத்து, சாமி எந்தச் சீமையிலிருந்து புறப்பட்டது, எந்தக் கண்மாய்க் கரையில் இளைப்பாறியது என்று வர்ணிப்புப் பாடிக்கொண்டே போவார். அடி மெதுவாகத்தான் தொடங்கும். வெறும் வயிறு, சாம்பிராணிப் புகை, ஒரே தாளம், ஊரே ஒரு முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் ஒரு சம்சாரியைக் கருப்பசாமி ஆக்கின. சில வருஷம் வராது. என்ன குத்தமோ என்று முதலிலிருந்து பாடுவார்கள். வந்த சாமியிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மழை எப்போ?

ஆடி முடித்துச் சுருண்டு விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, "இன்ன வாக்குச் சொன்னீக" என்பார்கள். "எனக்கென்னப்பா தெரியும்" என்பார் அவர்.

அதே திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் சிறுவயதில் தூங்கினால் கட்டைதான். விழித்திருக்கும்போது அவரைத் தொடப் பயந்த பையன்கள் தூங்கும்போது தூக்கிப்போய் அடித்துவிட்டு வந்து கிடத்துவார்களாம். மறுநாள் அவர்கள் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். பின்னாளில் ரமண மகரிஷி ஆகி, திருவண்ணாமலை விரூபாக்ஷ குகையில் இருந்தபோது ஒரு காலை எழுந்ததும் சில சொற்கள் மனசில் வந்து நின்றன. அவர் பொருட்படுத்தவில்லை. மறுநாளும் வந்தன. எழுதினால்தான் விடும் என்று ஆன பிறகே அருணாசலப் பதிகம் பிறந்தது. சாமியாட்டத்தோடு மகரிஷியைச் சேர்த்துப் பேசுவதா என்று பெரியவர்கள் கோபிக்கலாம். எனக்கு இரண்டிலும் வருவது ஒன்று, வாங்குகிறவர் ஒருவர் என்கிற அளவுக்குத்தான் ஒற்றுமை.

அந்தக் காலம் எல்லாருக்கும் நல்ல காலமில்லை. காப்புக் கட்டியவருக்கு வந்தால் அருள். வீட்டு மருமகளுக்கு நினைத்த நேரம் வந்தால் பேய். வேப்பங்குழையாலும் சாட்டையாலும் அடி வாங்கியவர்கள் உண்டு. கிழக்கே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, பேய் விலகும் என்று கொண்டுபோய் விடப்பட்டு, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். இன்று மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான்.

களரி இப்போதும் நடக்கிறது. கூட்டம் கூடியும் இருக்கிறது. ஆனால் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன் பிடித்து வருகிறவர்கள் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். ஜெனரேட்டர், சீரியல் லைட், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். உருமி எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போகிறது, சாமியும் நேரத்தோடு வந்துவிடுகிறது. கேள்வி வெளிநாட்டு வேலை, வீட்டுக்கடன். கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுக்கும் சிலருக்கு அருள் வருவதுண்டு. போலி என்று சொல்ல மாட்டேன். விறைத்துப்போன அந்த விரல்கள் நடிப்பவை அல்ல.

என்னை உறுத்துவது வேறு. போன களரியில் ஆடி இறங்கிய ஒரு பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்ததும் பேரன் செல்போனை நீட்டினான். "தாத்தா, நீங்கதான்." திரையில் அரிவாளும் கையுமாக ஒருவர் துள்ளிக்கொண்டிருந்தார். தாத்தா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நெற்றித் திருநீற்றை வழித்துவிட்டு, "சத்தத்தக் கொறடா" என்றார்.