மரம் வெட்டி மலையை மீட்கும் நீலகிரி

மழைக்காலம் தொடங்கினால் தமிழகமெங்கும் மரக்கன்று நடும் விழாக்கள்தான். அதே தமிழகத்தில், நீலகிரியின் மேல்மலையில், ஓங்கி வளர்ந்து நிற்கும் மரங்களை அகற்ற வனத்துறை பணம் செலவழிக்கிறது. அந்நிய மரங்களை அப்புறப்படுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. அயல் தாவரங்களை நீக்கிச் சூழலை மீட்பதற்கென்றே 2022இல் மாநில அரசு தனிக் கொள்கை ஒன்றையும் கொண்டுவந்தது. காட்டைக் காப்பாற்ற மரத்தை வெட்டுவதா என்று கேட்பது நியாயம்தான். அந்த மரங்கள் வருவதற்கு முன்பு மலையில் என்ன இருந்தது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

பாதி சோலை, பாதி புல்

தமிழ்த் திரைப்படப் பாடல்கள் பார்த்தவர்களுக்கு ஊட்டியின் ‘ஷூட்டிங் மட்டம்’ புதிதல்ல. மரமே இல்லாமல் அலையலையாக எழும் பச்சை மேடுகள். மேடுகளுக்கு நடுவே மடிப்புகளில் மட்டும் கருத்து அடர்ந்த சிறு காடுகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேல், நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு எனப் பல இடங்களில் நிலத்தின் இயல்பான அமைப்பே இதுதான்.

மடிப்புகளில் இருப்பவை சோலைகள். இங்கே மரங்கள் வானளாவ வளர்வதில்லை. காற்றுக்கு ஈடுகொடுத்துக் குட்டையாக, முண்டும் முடிச்சுமாக நின்று, உச்சியில் குடை விரிக்கின்றன. நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், லவங்க இனங்கள், சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு ஆகியவை நெருக்கியடித்து நிற்கும். கிளைகளில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் ஒட்டி வாழும். துளிர்விடும் காலத்தில் இளந்தளிர்கள் சிவந்து, சோலையின் மேற்பரப்பே நிறம் மாறிவிடும். உள்ளே பட்டப்பகலிலும் அரையிருட்டு. காலடியில் மட்கிய இலையின் ஈரம். இரண்டு எட்டு வெளியே வைத்தால் வெயிலும் காற்றும் புல்லும்தான். சோலையோரத்தில் படிப்படியாக மெலிந்துகொண்டே போகும் காடு என்று எதுவும் இல்லை.

புல்வெளி, அழிந்த காடா?

இவ்வளவு மழை பெய்யும் மலையில் மரம் இல்லையென்றால், யாரோ வெட்டியிருக்க வேண்டும் என்றுதான் வெகுகாலம் பலர் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது சதுப்பு மண். நீலகிரிப் பள்ளங்களில் தாவர எச்சங்கள் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்திருக்கின்றன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு என்பதால், அவை விட்டுச்செல்லும் கார்பனின் தன்மையும் வேறுபடும். ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் இந்த மண்ணைச் சோதித்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வை வெளியிட்டனர். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளாக இந்த மலையில் புல்லும் மரமும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. ஆக, கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இருந்திருக்கிறது.

புல்வெளிக்குள் மரம் ஏறாமல் தடுப்பதில் பெரும் பங்கு பனிக்கு உண்டு. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகிறது. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். திறந்தவெளியில் தரையின் வெப்பம் இரவெல்லாம் வானத்தை நோக்கி வெளியேறிவிடும். அங்கே விழுந்து முளைத்த சோலை மரக்கன்று கருகிவிடும். புல்லின் வளர்முனையோ தரையை ஒட்டியும் தரைக்கு உள்ளேயும் இருப்பதால், மேலே கருகினாலும் மழைக்குத் துளிர்க்கும். சோலைக்குள் மரக்குடை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கன்றுகள் பிழைக்கின்றன. சோலை சோலையாகவும் புல் புல்லாகவும் நீடிக்கும் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

சீகையும் கற்பூர மரமும்

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிய பிறகு, ஊட்டி வேகமாக வளர்ந்தது. குளிர் காய விறகு வேண்டியிருந்தது. அருகிலிருந்த சோலைகள் வெட்டுப்பட்டன. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில், யூகலிப்டஸ் மரங்கள் வந்தன. உள்ளூரில் முன்னது சீகை, பின்னது கற்பூர மரம். வெள்ளையர் ஆட்சியின் வருவாய்க் கணக்கில் புல்வெளி ‘தரிசு’. தரிசில் மரம் வைப்பது வளர்ச்சி. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு இழைக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட்டபோது, ஏக்கர் ஏக்கராகப் புல்வெளிகள் தோட்டங்களாயின.

கற்பூர மரம் பெரும்பாலும் நட்ட இடத்தில் நிற்கும். சீகை அப்படியல்ல. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கும். தீ பட்டால் விழித்துக்கொண்டு கூட்டமாக முளைக்கும். சோலைக் கன்றுகளைக் கொல்லும் உறைபனியையும் தாங்கும். புல்வெளியின் காவலாக இருந்த பனி, சீகையிடம் தோற்றுப்போனது. புவி வெப்பமடைந்து பனி குறையக் குறைய இன்னும் பல மரங்களுக்கு வழி திறக்கும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் சொல்கிறது. தோட்ட மரங்களும் விவசாயமும்தான் காரணம்.

தண்ணீர்க் கணக்கு

பவானியும் மோயாறும் இந்த மேல்மலையின் நீரைத்தான் சமவெளிக்குக் கொண்டுவருகின்றன. பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்களும் இதை நம்பியே கட்டப்பட்டவை. மேற்கு விளிம்பில் மழைக்குக் குறைவில்லை: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கொட்டுவதைப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் கசியவிடுவது புல்வெளி மண்ணும் பள்ளத்துச் சதுப்பும்.

அந்தப் புல்வெளியில் மரம் நட்டால் என்ன ஆகும் என்பதை ஊட்டியிலுள்ள மண்-நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் அளந்து பார்த்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்று புல்லாகவே விடப்பட்டது. மற்றதில் கற்பூர மரம் நடப்பட்டது. முதல் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, தூரிலிருந்து மறுபடி வளரவிட்ட அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. காடு பெருகினால் ஆறு பெருகும் என்ற பொதுவான நம்பிக்கை இந்த உயரத்தில், இந்த மரத்தோடு பொய்த்துப்போகிறது.

புல்லை நம்பிய உயிர்கள்

மாநில விலங்கான வரையாடு திறந்த புல்வெளியில் மேயும். ஆபத்து என்றால் பக்கத்துப் பாறைச் சரிவில் தாவும். நடுவே மரங்கள் அடைத்துக்கொண்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகளே தென்பட்டன. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவைக்கும் புல்வெளிதான் வீடு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடியும் குறிஞ்சிக்கும் அப்படியே; 2018இல் பூத்தது, அடுத்து 2030.

தோடர்களின் எருமைகள் இந்தப் புல்லில் மேய்ந்தே வளர்ந்தன. அவர்களுடைய கோவில்களின் கூரையை எந்தப் புல்லாலும் வேய்ந்துவிட முடியாது. சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல்லை அறுத்து, கட்டுக் கட்டாக அடுக்கி, இடைவெளி தெரியாமல் இறுக்க வேண்டும். அந்தப் புல் இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். சதுப்பு வற்றினால் கோவில் கூரைக்கும் ஆபத்து.

வெட்டினால் போதுமா?

போதாது. சீகையை வெட்டிவிட்டு அப்படியே விட்டால், வெளிச்சம் பட்ட மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் எழும்பும். ஆண்டுதோறும் திரும்பிவந்து பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்லைத் தூர் தூராகப் பிரித்து நட வேண்டும். அதற்குப் புல் நாற்றங்கால் வேண்டும். மரக்கன்று எண்ணிக்கையை வைத்து வேலையை அளந்து பழகிய துறைக்கு இது புதுப் பாடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொடைக்கானல் பக்கம் பழைய சீகை, யூகலிப்டஸ் தோப்புகளின் அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. உறைபனியிலிருந்து அவற்றைக் காப்பது அந்த அந்நிய மரக்குடைதான். அங்கே ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால், எழும்பிவரும் சோலையும் சேர்ந்து போகும். எனவே எங்கே வெட்டுவது, எங்கே காத்திருப்பது என்பதைச் சரிவுக்குச் சரிவு பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இதற்கெல்லாம் பல ஆண்டுகள் பிடிக்கும், பணமும் ஆகும். ஆனால் எஞ்சியிருக்கும் புல்வெளியைக் காப்பதற்குப் பெரிய செலவில்லை. மேல்மலைப் புல்வெளிகளைத் தரிசு என்று எழுதுவதை நிறுத்தி, மரம் நடும் இலக்குகளிலிருந்து அவற்றை விலக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.