குண்டு பல்பின் உண்மையான விலை

கடையில் 60 வாட்ஸ் குண்டு பல்பு பதினைந்து, இருபது ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்புக்கு நூறு ரூபாய் வரை ஆகலாம். விலையை மட்டும் பார்த்தால் குண்டு பல்புதான் மலிவு. ஆனால் கடையில் கொடுப்பது முன்பணம்தான். மீதியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லில் கட்டிக்கொண்டே இருக்கிறோம். குண்டு பல்பின் ஆயுள் ஏறத்தாழ 1000 மணி நேரம். அதற்குள் அது 60 யூனிட் மின்சாரத்தைக் குடித்துவிடும். கணக்குக்கு ஒரு யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய். எல்.இ.டி. அதே 1000 மணி நேரம் எரிய 9 யூனிட் போதும், 45 ரூபாய். பல்பின் விலையையும் சேர்த்தால், குண்டு பல்புக்கு 320 ரூபாய், எல்.இ.டி.க்கு 145 ரூபாய். மலிவான பல்பு எது என்பதைக் கடைக்காரர் சொல்லும் விலை தீர்மானிப்பதில்லை, மீட்டர்தான் தீர்மானிக்கிறது.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் ஒளிரும். உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. வெளிச்சம் அந்த வெப்பத்தின் உபரிதான். எல்.இ.டி.யில் இழையே கிடையாது. குறைகடத்திச் சில்லு ஒன்று நீல ஒளியை உமிழ்கிறது. அதன்மேல் பூசிய மஞ்சள் நிறப் பூச்சு அந்த நீலத்தின் ஒரு பகுதியை மாற்றி, மொத்தத்தையும் வெள்ளை ஒளியாக்குகிறது. அந்த நீல ஒளியைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குளிர்நாட்டில் பல்பின் சூடு வீட்டைக் கொஞ்சம் கதகதப்பாக்குகிறது, அதனால் அது முழுக்க வீண் இல்லை என்று வாதிடுவார்கள். அங்கே அது ஓரளவு சரி. சித்திரை வெயிலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் நம் வீடுகளில் அந்தச் சூடு நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஏ.சி. ஓடும் அறையென்றால், பல்பு உண்டாக்கிய வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு முறை மின்சாரம் செலவாகிறது.

“எல்.இ.டி. பதினைந்து, இருபதாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், ஒரு வருஷத்திலேயே போய்விடுகிறதே” என்பது பலரும் சொல்லும் குறை. அது நியாயமான குறைதான். பெரும்பாலும் பழுதாவது ஒளிரும் சில்லு அல்ல. மாறுமின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிரைவர் என்ற சின்னச் சர்க்யூட்தான். காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் அது வெந்துவிடுகிறது; மின்னழுத்தம் திடீரென ஏறினாலும் அடிபடுகிறது. ஆனால் மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அதில் எல்.இ.டி.க்குக் கொடுத்த ஆயுளும் 1000 மணி நேரம்தான். சொன்ன ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட உழைக்காமல் போனாலும் அதுவே லாபம். அதற்காகத் தரமில்லாததைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. உத்தரவாதம் உள்ளதை வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். முன்கூட்டியே போனால் மாற்றிக் கேளுங்கள். விலை பற்றிய தயக்கத்துக்கு இப்போது இடம் குறைவு. மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்காக மொத்தமாக வாங்கப்பட்ட பல்பின் கொள்முதல் விலை 2014-இல் 310 ரூபாயாக இருந்தது, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்ற குறைக்குக் காரணம் எல்.இ.டி. அல்ல, நாம் தேர்ந்தெடுக்கும் நிறம். கடைகளில் அதிகம் விற்பது 6,500 கெல்வின் என்று குறிப்பிட்ட நீலம் கலந்த வெள்ளை. குண்டு பல்பின் இதமான மஞ்சள் வேண்டுமென்றால் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று கேட்டு வாங்கலாம்; படுக்கையறைக்கு அதுவே பொருத்தம். பொருட்களின் நிறத்தை உள்ளபடி காட்டுவதில் குண்டு பல்பு இன்னமும் ஒரு படி மேல்தான். பட்டுப்புடவையின் நிறம் பார்ப்பவர்கள் அதை உணர்வார்கள். அன்றாட வீட்டு வேலைக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. வெளிச்சம் போதுமா என்று பார்க்க வாட்ஸை நம்பாதீர்கள். வாட்ஸ் என்பது செலவு. வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வாட்ஸ் பல்புக்கு ஈடாக 800 லூமன் அளவில் தேடினால் போதும். இடையில் வந்த சி.எஃப்.எல். பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தியது, ஆனால் உள்ளே பாதரசம். உடைந்தால் வெறுங்கையால் தொடாமல் அள்ளி, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.

எல்லா பல்பையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. பரணில் என்றாவது ஐந்து நிமிஷம் எரியும் குண்டு பல்பு அதன் ஆயுள் முடியும்வரை இருக்கட்டும். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க மாட்டியிருந்தால் அங்கே அதுதான் சரியான பல்பு, ஏனென்றால் அங்கே தேவையே வெப்பம். எரியும் நேரம்தான் அளவுகோல். வாசலில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரியும் 60 வாட்ஸ் பல்பு இரண்டு மாதத்தில் 43 யூனிட் இழுக்கிறது; 9 வாட்ஸ் எல்.இ.டி. ஆறரை யூனிட்தான். பலர் கவனிக்காதது படுக்கையறையின் ஜீரோ வாட்ஸ் பல்பு. அதில் பழைய இழை பல்பு ஏறத்தாழ 15 வாட்ஸ் இழுக்கும். இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 9 யூனிட். அரை வாட்ஸ் எல்.இ.டி. விடிவிளக்குக்கு அரை யூனிட்கூட ஆகாது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 130 யூனிட் ஓடும் வீட்டுக்கு அந்த வாசல் பல்பு ஒன்றே நூறுக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்மானிக்கக் கூடியது. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இன்னும் முக்கியம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடிவிடும். ஆகவே இன்றிரவு படுக்கப்போகும் முன் வீட்டை ஒரு சுற்று வாருங்கள். விடியும்வரை எரியப்போகும் பல்பு எதுவோ, அதை முதலில் மாற்றுங்கள்.